தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

என் வயிற்றில் பிறந்த பிள்ளையை நானே ஒரு சொளகு தவிடு கொடுத்து விலைக்கு வாங்கினேன். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அடம்பிடிக்கிற பிள்ளையைப் பார்த்து, "உன்னைத் தவிட்டுக்குத்தான் வாங்கினோம்" என்று கேலி செய்யாத வீடு உண்டா? எங்கள் வீட்டில் அது கேலியில்லை.

தேவாரம் ஊருக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம் இருந்தது. கேப்பையும் கடலையும் போடுவோம். மலைக்காய்ச்சல் அந்தப் பக்கம் வருஷம் தவறாமல் வரும். ஏலத்தோட்டத்து வேலைக்குப் போனவர்களோடு கீழே இறங்கி வருகிறது என்பார்கள். எப்படி வந்தால் என்ன, அது முதலில் பிடித்தது பிள்ளைகளைத்தான். எனக்கு மூன்று பிறந்து மூன்றும் போயின. வயிறு உப்பி, கண் வெளுத்து, கடைசியில் அழக்கூடத் தெம்பில்லாமல் போயின. மூன்றாவதைப் புதைத்துவிட்டு வந்த அன்று என் வீட்டுக்காரர் தொட்டில் கயிற்றை அவிழ்த்து அடுப்பில் போட்டார்.

நாலாவதாக இவன் பிறந்தான். தீட்டுக் கழிவதற்குள் என் வீட்டுக்காரர் கோடாங்கியிடம் போய்க் குறி கேட்டுவிட்டு வந்தார். கோடாங்கி உடுக்கை அடித்துச் சொன்னாராம்:

"இது உங்க பிள்ளைன்னு தெரிஞ்சா எமன் எடுத்துக்கிருவான். எதிர்வீட்டுக்குக் குடுத்திட்டுத் தவிட்டுக்கு வாங்குங்க. குலசாமி கோயில்ல மொட்டை போடுறவரைக்கும் பேரு வைக்காதீக. கொஞ்சாதீக."

எதிர்வீட்டு அக்காவுக்கும் கைக்குழந்தை இருந்தது, பெண். அவள் என் மகனை முந்தானையில் வாங்கிக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். "குப்பையில கெடந்துச்சு, வேணும்னா வச்சுக்க" என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. நான் தவிட்டைக் கொடுத்து, பிள்ளையை வாங்கி, உடனே மார்பில் போட்டுக்கொண்டேன். "மெதுவா, மெதுவா" என்று என் வீட்டுக்காரர் அதட்டினார். அவ்வளவு ஆசையை வெளியே காட்டக் கூடாதாம்.

கோடாங்கி சொன்னதோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. என் வீட்டுக்காரர் தொட்டிலையே மாட்டுத் தொழுவுக்குக் கொண்டுபோய்க் கட்டினார். வீட்டுக்குள் பிள்ளை இருக்கிறதென்றே தெரியக் கூடாது என்றார். பால் கொடுக்கலாம், துடைத்துவிடலாம், வாயைத் திறக்கக் கூடாது. தாலாட்டு கிடையாது. இத்தனைக்கும் கிணற்றில் காளைகளைக் கட்டிக் கமலை இறைக்கும்போது அவற்றோடு வாய் ஓயாமல் பேசுகிற மனுஷன் அவர். "வா ராசா, இன்னும் ஒரு சால்தான், பருத்திக்கொட்டை வச்சிருக்கேன் உனக்கு" என்று கெஞ்சுவார். பெற்ற பிள்ளையைத் தாண்டும்போது மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்கு அப்போதெல்லாம் அவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

பிள்ளை பிழைத்தான். அந்த வருஷக் காய்ச்சல் எங்கள் தெருவில் மூன்று வீட்டில் புகுந்து, எங்கள் தொழுவை மட்டும் விட்டுப் போயிற்று. பிறகு நான் என்ன சொல்லி யார் கேட்பார்கள்? வந்தவர்கள் எல்லாரும், "அழுகைச் சத்தமே இல்ல, தங்கமான பிள்ளை" என்றார்கள். அழுது பார்த்து, யாரும் ஏனென்று கேட்காததால் விட்டுவிட்டான் என்று எனக்குத்தான் தெரியும். கூரையைப் பார்த்தபடியே கிடந்து பின்மண்டை தட்டையாகிப்போனது.

எதிர்வீட்டுப் பெண் அப்போது தவழ ஆரம்பித்திருந்தது. அக்கா அதை இடுப்பில் வைத்துக்கொண்டே சோளம் குத்துவாள். "இந்தா பாரு, கோழி. கோழி எப்படிக் கத்தும்? அங்கன பாரு, காக்கா. ஆத்தா உரல்ல என்ன போடுறா?" என்று பதில் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் ஆயிரம் கேள்வி கேட்பாள். கேட்டுவிட்டு அதன் வாயையே பார்ப்பாள். அது "ங்கா" என்றால், பெரிய விஷயம் பேசியதுபோல, "அப்படியாடி?" என்பாள். நான் எங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் அவளே வந்து சொன்னாள்.

"ஏண்டி தங்கச்சி, பசு ஈனுனதும் கன்னுக்குட்டியை நக்கி நக்கித்தான எழுப்புது? சும்மா போட்டா எந்திரிக்குமா? பேசுடி பிள்ளைகிட்ட. உன் வீட்டுக்காரக கேட்டா நான் சொல்லிக்கிறேன்."

அன்றைக்கே நான் அவரிடம் சண்டைக்குப் போனேன். "ஏங்க, எம்பிள்ளை என் முகத்தைப் பாக்க மாட்டேங்குதுங்க. நான் இனிமே பேசத்தான் போறேன்" என்றேன்.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "ஏ புள்ள, உனக்குப் பேச்சு வேணுமா, உசுரு வேணுமா?"

மூன்று குழியை வெட்டியவர் கேட்கிறார்.

ஆனாலும் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஒரு வழி கண்டுபிடித்தேன். மாட்டோடு பேசுவதை யாரும் குற்றம் சொல்ல முடியாதல்லவா? பால் கறக்கும்போது பசுவின் முகத்தைப் பார்த்து, பிள்ளைக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னேன். "பசிக்குதா ராசா? இந்தா வந்துட்டேன். யாரு பெத்த தங்கம் இது?" என்று பசுவைத் தடவித் தடவிக் கொஞ்சினேன். தொட்டிலில் இருப்பவன் காதில் விழுந்தால் போதும் என்று நினைத்தேன். எமனை ஏமாற்றுகிறோம் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட இருந்தது. பிறகு அவன் தொட்டிலைவிட்டு இறங்கி நடந்தான். நான் பசுவிடம் பேசும்போதெல்லாம் அருகில் வந்து நின்று கவனித்தான். பார்த்தாயா, கேட்கிறான் என்று மனம் குளிர்ந்தேன்.

மூன்று வயதில் குலசாமி கோயிலில் மொட்டை போட்டோம். கிடாய் வெட்டி, சொந்தக்காரர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். தலையில் சந்தனம் பூசி முடித்ததும் என் வீட்டுக்காரர் முதல்முறையாக மகனை வாரித் தூக்கினார். தன் அப்பாவின் பெயரைப் பிள்ளைக்கென்று இத்தனை காலம் மனதிலேயே பூட்டிவைத்திருந்தார். அதைக் காதில் சொன்னார். பிள்ளை திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னார். "ஏலே, ராசா, அப்பா கூப்பிடுறேன்ல, இங்கன பாரு" என்றார். பிள்ளை, வேப்பமரத்தடியில் கட்டியிருந்த வண்டிக்காளைகளைப் பார்த்துக் கையை நீட்டினான். காளை தலையை ஆட்டிக் கழுத்துமணி குலுங்கியதும் சிரித்தான். காது நன்றாகத்தான் கேட்டது.

அவர் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார். பந்தியில் இலை போட்டார்கள். கடைசியில் எதிர்வீட்டு அக்கா பிள்ளையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

அதற்குப்பிறகு எங்கள் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. தொட்டில் நாளிலிருந்து சொல்லியிருக்க வேண்டிய அத்தனையையும் சேர்த்துச் சொன்னோம். விளக்கு, கோழி, நிலா, கஞ்சி, அப்பா. கமலை இறைக்கையில் மகனைத் தோளில் வைத்துக்கொண்டு அவர் ஒவ்வொரு சாலுக்கும் "தண்ணி, தண்ணி" என்பார். பிள்ளை அவர் வாயைப் பார்க்காது. பெரியகுளத்தில் பார்த்த வைத்தியர், சின்ன வயதில் காய்ச்சல் மூளைக்கு ஏறியிருக்கும் என்றார். காய்ச்சலே வராத பிள்ளை. அதைச் சொல்ல நான் வாயெடுத்தேன். பக்கத்தில் அவர் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை.

அவனுக்கு ஐந்து வயது இருக்கும்போது, ஒரு சாயங்காலம் புல்லுக்கட்டோடு தொழுவுக்குள் நுழைந்தேன். பசுவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தவன் திரும்பி, "ம்மா" என்றான்.

கட்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். "ஏங்க, எம்பிள்ளை அம்மான்னுட்டான், ஓடியாங்க!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினேன். அவர் கையில் மண்வெட்டியோடு ஓடி வந்தார். "இன்னொரு தரம் சொல்லு ராசா" என்று இருவரும் அவன் முன்னால் உட்கார்ந்தோம். அவன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான். பிறகு கழுத்தை நீட்டி, முகத்தை மேலே தூக்கி, "ம்ம்மா" என்று இழுத்தான். பசு பதில் குரல் கொடுத்தது.

அவர் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார். இருட்டும்வரை வரவில்லை.

உலகச் சண்டை வந்து மண்ணெண்ணெய் கிடைக்காமல் போன காலத்தில் அவன் மீசை அரும்பிய ஆளாகிவிட்டான். மாடு மேய்ப்பான், சாணி அள்ளுவான், யாருக்கும் கெடுதல் செய்யத் தெரியாது. பசித்தாலும் காலில் முள் குத்தினாலும் அந்த ஒரு சொல்தான். அவன் கூப்பிடுவது என்னைத்தான் என்று அவர் அடித்துச் சொல்லுவார், என் மனம் ஆறட்டும் என்று. அதை நம்ப எனக்கும் ஆசைதான். வாசலில் வந்து நின்று அவன் அப்படிக் கூப்பிடும்போது, அடுப்படியில் நானும் தொழுவில் பசுவும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்க்கிறோம். அவன் தொழுவுக்குப் போகிறான்.