ஹைப்போ குடித்த மாடு

எங்கள் வீட்டில் கட்டியிருந்த மாடு எங்களுடையது இல்லை. சின்னசேலம் பக்கம் எங்கள் ஊரில் நிலமில்லாதவர்கள் வாரத்துக்கு மாடு வளர்ப்பார்கள். மாடு கொடுத்தவருக்குத் தலைக்கன்று, வளர்த்தவருக்கு அடுத்த கன்று. மாடு என்றைக்கும் கொடுத்தவருடையதுதான். அப்போது எங்கள் மாடு இரண்டாவது சினை, நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. பிறக்காத அந்தக் கன்றை வளர்த்து, அதன் கன்றுகளையும் வளர்த்து, அம்மா மனசுக்குள் ஒரு பட்டியே கட்டியிருந்தாள்.

மரவள்ளிக் கிழங்கு பிடுங்குகிற சமயம். பச்சைத் தழை மாட்டுக்கு விஷம் என்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். காயவைத்து ஆட்டுக்குப் போடலாம் என்று சித்தப்பா ஒரு கட்டுத் தழையைக் கொண்டுவந்து கூரைமேல் போட்டார். கூரை தாழ்வானது, மாட்டுக்குக் கழுத்து உண்டு என்பதை அவர் யோசிக்கவில்லை.

அம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தபோது மாடு நுரை தள்ளிப் படுத்திருந்தது. கால்கள் இழுத்துக்கொண்டிருந்தன.

மாட்டு டாக்டர் எங்கேயோ தொலைவில் இருந்தார். "நான் வர்றதுக்குள்ள போட்டோ கழுவுற ஹைப்போ கெடைச்சா தண்ணியில கலக்கி ஊத்துங்க" என்றார் போனில். சித்தப்பா என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் பறந்தார்.

ஹைப்போ என்றதும் ஸ்டுடியோ வைத்திருந்த பாய் எழுந்துவிட்டார். "மரவள்ளித் தழையா? போட்டோவுக்கு எவன் கேக்குறான் இத்த. மாட்டுக்குத்தான் வாங்கிக்கினு போறானுங்க." பொட்டலத்தைச் சித்தப்பாவின் கையில் திணித்து, "நின்னு பேசாத, போ" என்றார். பேசியது அவர்தான்.

"இன்னா தம்பி இம்மாம் நேரம்?" என்று அம்மா பொட்டலத்தைப் பிடுங்கிக்கொண்டாள். கலக்கி ஊற்றினார்கள். பிறகு டாக்டர் வந்து ஊசி போட்டார். பொழுது சாய்கிற நேரத்தில் மாடு முன்னங்காலை ஊன்றி, தள்ளாடி, எழுந்து நின்றது.

சேதி கேட்டு வந்த மாட்டுக்காரர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "எம் மாடாச்சே, அவ்ளோ சீக்கிரம் பூடுமா" என்று சிரித்தார். காலையிலிருந்து யார் முகத்தையும் பார்க்காத சித்தப்பாவும் சேர்ந்து சிரித்தார். "அண்ணி, டீ வைங்க எல்லாருக்கும்" என்றார்.

அம்மா நகரவில்லை. மாட்டின் வலப்பக்க வயிற்றில் உள்ளங்கையை அழுத்தி வைத்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். கையைக் கொஞ்சம் கீழே இறக்கினாள். மறுபடி அசையாமல் நின்றாள்.

"அதான் எழுந்துக்கிச்சேம்மா, வா" என்றேன்.

"சும்மா இருடா" என்றாள், மெதுவாக.

தடவிக்கொடுக்கிறாள் என்று நினைத்து, நானும் பக்கத்தில் போய் மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தேன்.