வெள்ளை மாத்திரை மேல் வந்த சந்தேகம்

மூன்றாவதோடு படிப்பை விட்டு, கொத்து வேலையில் தொடங்கி, பெங்களூர் ஜோகுபாளையத்தில் மூன்று மாடி வீடு கட்டியவன் நான். மலிவான சரக்கு எனக்கு ஆகாது. சென்ற மாதம் மருந்துக்கடையில், வழக்கமான சிவப்பு பிரஷர் மாத்திரைக்குப் பதிலாக விலை குறைந்த வெள்ளை மாத்திரை கொடுத்தார்கள். போட்டதிலிருந்து தலைவலி. வீரியம் போதவில்லை என்று நானே இரண்டிரண்டாகப் போட்டு, மயங்கிச் சாய்ந்தேன். மனைவி ராணி தாங்கிப் பிடித்ததால் மண்டை தப்பியது.

“ரெண்டும் ஒரே மருந்துதான் ஐயா. தலைவலி உங்க சந்தேகத்தால வந்தது. மயக்கம்தான் மாத்திரையால வந்தது,” என்றார் டாக்டர்.

“மாத்திரையில கூடவாய்யா உனக்கு பந்தா?” என்று ராணி அழுதுகொண்டே திட்டினாள்.

இப்போது டாக்டரைக் கேட்காமல் அளவை மாற்றுவதில்லை. தினமும் ராணி கையால் ஒரே ஒரு வெள்ளை மாத்திரைதான். தலைவலி வரவே இல்லை. இப்படியொரு கைராசிக்காரி பெங்களூரில் வேறு எவனுக்கும் வாய்த்திருக்க மாட்டாள்.