எவ்வளவு நாள் வேண்டுமானாலும்

ஆங்கிலம் இனிமையான மொழி என்று யாராவது சொன்னால் எனக்கு இப்போதும் கோபம் ஏறிக்கொண்டு வருகிறது. இனிமைதான். அந்த இனிமையால்தான் நான் கெட்டேன்.

கனடாவுக்கு வருமுன் ஐந்து வருடம் ஜேர்மனியில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினேன். ஜேர்மன்காரர் மதிப்புக்குரியவரை ஒரு சொல்லால் அழைப்பார்கள். வீட்டாரையும் குழந்தையையும் நாயையும் இன்னொரு சொல்லால் அழைப்பார்கள். முதலாளி என்னை அழைத்தது நாய்க்குரிய சொல்லால். பெரியப்பா இறந்த செய்தி வந்தபோது, "மூன்று நாள். நாலாம் நாள் நீ இல்லையென்றால் வேறு ஆள் பிடிப்பேன்" என்றான். வெட்டொன்று துண்டிரண்டு. மனதுக்குள் அவனைத் திட்டித் தீர்த்தேன்.

பாரிஸில் இருந்த தம்பிக்கு வேறு விதம். அவனுடைய விசா மனுவை நிராகரித்து வந்த கடிதத்தின் முடிவில், 'எமது மேலான மதிப்பின் வெளிப்பாட்டை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்' என்ற பொருளில் இரண்டு வரி இருந்ததாம். பிரெஞ்சில் அலுவலகக் கடிதம் என்றால் அப்படித்தான் முடியும், கழுத்தை அறுத்தாலும் மரியாதையில் குறை வராது. "நாட்டை விட்டுப் போ எண்டும் சொல்லுறாங்கள், மதிப்பு எண்டும் சொல்லுறாங்கள்" என்று போனில் கத்தினான். நான் சிரித்தேன். என் முறை வரும் என்று தெரியவில்லை.

ரொறொன்ரோவில், ஸ்காபரோவில் கார்களுக்குப் பிளாஸ்டிக் பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை. தற்காலிகம், தற்காலிகம் என்று இரண்டு வருடம் இழுத்து, கடைசியில் நிரந்தரமாக்கினார்கள். அது எனக்குப் பெரிய விஷயம். நிரந்தர வேலை இருந்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருந்து அப்பாவையும் அம்மாவையும் ஸ்பொன்சர் செய்து கூப்பிடலாம். அந்த வேலையில் சூப்பர்வைசரைப் பெயர் சொல்லி அழைக்கலாம். முதலாளிக்கும் எனக்கும் அதே ஒரு 'யூ'. நாய்ச்சொல் கேட்டுப் பழகிய காது அதில் மயங்கிப்போனது.

அப்பா இறந்தார். செய்தி கொழும்பு வழியாகப் போனில் வந்தது. சண்டையில் பாதை பூட்டியிருந்தது. கொள்ளி வைக்கவேண்டிய மூத்த மகன் நான் இங்கே, சித்தப்பா வைத்தார். மறுநாள் சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னேன். அவன் என் தோளில் கை வைத்தான். கண்கூடக் கலங்கியது. "உனக்கு எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாளும் எடுத்துக்கொள். வேலையைப் பற்றி யோசிக்காதே" என்றான்.

எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குப் போனால் போயிட்டு வாறன் என்றுகூடச் சொல்லாமல் எழும்பி வருவோம். அங்கே சொல் குறைவு. சொன்னால் சொன்னதுதான். சாவுச்செய்தி கேட்டு ஒருவன் வாய்விட்டுச் சொன்னது வெறும் அலங்காரமாக இருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? எனக்கு எவ்வளவு நாள் வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. கொள்ளிதான் வைக்கவில்லை, இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று சவரம் செய்யாமல், மீன், இறைச்சி என்று மச்சம் தொடாமல் சாவுத் துடக்குக் காத்தேன்.

பன்னிரண்டாம் நாள் சூப்பர்வைசர் போன் எடுத்தான். அவசரமே இல்லையாம், என் யோசனை என்னவென்று அறியத்தான் எடுத்தானாம். முப்பத்தோராம் நாள் முடிந்த மறுநாள் வருகிறேன் என்றேன். முப்பத்தொன்றா என்று திரும்பக் கேட்டான். பிறகு, "அற்புதம்" என்றான்.

"என்னவாம்?" என்று மனைவி கேட்டாள்.

"அவசரமில்லையாம்."

"பாருங்கோ, என்ன மாதிரி மனிசன். எங்கட ஆக்கள் இப்பிடி விடுவினமே?"

ஓம் என்றேன். நாக்கை அறுக்கவேண்டும்.

அந்தியேட்டியன்று ஏரிக்கரையில் எள்ளும் தண்ணீரும் இறைத்து, தலை மழித்து, மறுநாள் காலை வேலைக்குப் போனேன். என்னுடைய மெசினில் வேறொருவன் நின்றான். பக்கத்து மெசினில் நின்ற தமிழ் அண்ணை என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

"அவங்கள் அவசரமில்லை எண்டு போன் எடுத்துச் சொன்னா, நாளைக்கே வா எண்டுதான் அர்த்தம். உது தெரியாதே உமக்கு? ஆக மிஞ்சினால் ஒரு கிழமை."

ஒரு கிழமை என்றால் ஒரு கிழமை என்று சொல்ல வாய்க்கு என்ன கேடு? சொல்லியிருந்தால் ஒரு கிழமையில் வந்திருப்பேன். கடுமையாகச் சொன்னால் தான் கெட்டவனாகிவிடுவான் என்று பயம். தன் முகம் கோணாமல் இருக்க என் பிழைப்பைப் பலி கொடுத்த மொழிக்குத்தான் பண்பு என்று பெயர்.

சூப்பர்வைசர் அறைக்குள் கூப்பிட்டு ஒரு கடதாசியைத் தந்தான். நானாகவே வேலையை விட்டு விலகியதாக அதில் இருந்தது. அந்தக் கடதாசியில் மட்டும் ஆங்கிலம் ஒளிவுமறைவு இல்லாமல் பேசியது. மறுபடி அவனுடைய கண் கலங்கியது. "சொறி, உண்மையாகவே சொறி" என்றான்.

கேட்க எத்தனையோ இருந்தது. உன் சொல்லுக்கு விலை இல்லையா என்று கேட்டிருக்கலாம். அம்மா இப்போது அங்கே தனியே இருக்கிறா என்றாவது சொல்லியிருக்கலாம். ஆனால் பஸ்சில் யாராவது காலை மிதித்துவிட்டு 'சொறி' என்றால், கால் வலிக்க வலிக்க நாங்கள் என்ன சொல்வோமோ அதுதான் என் வாயிலிருந்தும் வந்தது.

"இற்ஸ் ஓகே" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. மறுபடி ஒரு நிரந்தர வேலை கிடைத்து அம்மா வந்து சேர மேலும் நான்கு வருடம் எடுத்தது. அந்த நான்கு வருடத்தையும் பறித்தவனுக்கு நான் ஆறுதல் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.