முன்னால் எலுமிச்சம்பழம், பின்னால் கார்

ஐந்தாவது வரைதான் படித்தேன். கையெழுத்தையும் பிழைகளையும் மன்னியுங்கள்.

விழுப்புரத்தில் இருபது வருடமாக டிரைவர் நான். ஒரு டீச்சரம்மா, தன் பழைய ஸ்போர்ட்ஸ் காரைத் திண்டிவனம் கொண்டுபோகக் கூப்பிட்டார். கியரைப் பற்றிச் சொல்ல வந்தார். கேட்டுக்கொள்ள வெட்கப்பட்டு, "தெரியுங்க" என்றேன்.

முன்சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். முதல் கியர் என்று நினைத்துப் போட்டேன். கார் பின்னால் பாய்ந்தது. பிரேக்கை மிதித்தேன். அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"பழம் முன்னாடி இருக்குது, நீங்க பின்னாடி வர்றீங்களே டிரைவரண்ணே. இந்த வண்டில ஃபர்ஸ்ட் எடத்துல ரிவர்ஸ். வேற ஆளப் பாக்கட்டா?"

"வாணாம்மா. எனக்குத் தெரியலைங்க. சொல்லிக் குடுங்க, நானே ஓட்றேன்."

பத்து தடவை போட்டுக் காட்டச் சொன்னேன். திண்டிவனம் வரை ஒரு கியரும் தவறவில்லை.

என் வெட்கம் ஒருவர் காலை முறித்திருக்கும். இப்போது எந்த வண்டியானாலும் கேட்டுவிட்டுத்தான் சாவியைத் தொடுகிறேன்.

ஒருவழியாக எழுதி முடித்தது, ஆடிப்பெருக்கு அன்று.