சரிவு பார்த்து நிறுத்தும் ஜீப்

அன்றைக்கு நாங்கள் கூடலூருக்குப் போனது ஒரு சின்ன கார் பார்க்க. நான் கூடலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியை. வீடு கம்பத்தில். கணவருக்குத் திராட்சைத் தோட்டம். பள்ளிக்கூடத்துக்கும் தோட்டத்துக்கும் போய்வர அடக்கமாக ஒரு வண்டி போதும் என்று வீட்டில் பேசி முடிவாகியிருந்தது.

கார் வைத்திருந்தவரின் வீட்டுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் அந்த ஜீப் நின்றது. ஒரு காலத்தில் பச்சை நிறமாக இருந்திருக்க வேண்டும். கதவுகள் கிடையாது. மேலே படுதா, அதில் இரண்டு மூன்று ஒட்டு. பக்கத்தில் போனதும் ஏலக்காய் வாசம் அடித்தது. அதன் சொந்தக்காரர் வருடக்கணக்காகக் காலையில் வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு மலை மேல் ஏலத்தோட்டங்களில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்பக் கூட்டிவருகிறவராக இருந்தவர். முட்டிவலி வந்து ஓட்டுவதை விட்டுவிட்டார். நான் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்.

"ஏறி உக்காந்து பாருங்கம்மா. சும்மாதான நிக்கிது."

உட்கார்ந்தேன். ஸ்டியரிங் பெரிதாக, மெல்லியதாக, கைக்குச் சில்லென்று இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் மேற்கு மலை முழுசாகத் தெரிந்தது. எதிர் வீட்டில் கார் பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் திரும்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்.

அந்த டிரைவர் எதையும் மறைக்கவில்லை. "பொய் சொல்லி விக்கிற ஆளு நா இல்ல. ஓடிக்கிட்டு இருந்தா ஓடும். நின்னுருச்சுன்னா கெளம்புறது அது இஷ்டம். அதனால எங்கன நிப்பாட்டுனாலும் சரிவு பாத்து நிப்பாட்டுங்க, உருட்டிவிட்டுக் கெளப்பிக்கலாம்."

"இவ்வளவையும் கேட்டுட்டு வாங்கணும்ங்கிறியா?" என்றார் கணவர்.

"இவர மாதிரி உண்மையச் சொல்லி விக்கிறவுக யாரு இருக்காக, சொல்லுங்க."

அன்றைக்கே பணம் பேசி ஜீப்பை வாங்கிவிட்டோம். வீடு வந்து சேரும்வரை நான் ஜீப்பை ஓட்ட, அவர் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். எங்கேயாவது நின்றுபோனால் தள்ளுவதற்கு ஆள் வேண்டுமே என்றுதான்.

ஜீப் வந்தபிறகுதான் இந்தப் பள்ளத்தாக்கு எவ்வளவு தட்டையானது என்று எனக்குத் தெரிந்தது. இரண்டு பக்கமும் வானத்துக்கு மலை நிற்கிறது. நடுவில் சரிவைத் தேடினால் கிடைப்பதில்லை. கம்பத்துக் கடைவீதியில் ஒரு அரிசி மண்டிக்கு முன்னால் லாரி ஏறுவதற்காகச் சிமெண்டுச் சரிவு கட்டியிருந்தார்கள். மண்டிக்காரரிடம் கேட்டுக்கொண்டு அங்கேதான் நிறுத்துவேன். பள்ளிக்கூடத்து வாசல் நல்ல சரிவு. தலைமையாசிரியர் தன் கார் நிற்கும் அந்த இடத்தை எனக்கு விட்டுக்கொடுத்தார். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிட்டால் என் முதல் கேள்வி, "வீடு மேட்டுல இருக்கா, பள்ளத்துல இருக்கா?" என்பதாக ஆகிவிட்டது.

உத்தமபாளையத்தில் ஒரு மெக்கானிக் பாய் வண்டியைப் பார்த்துக்கொண்டார். மாதத்தில் ஒருமுறையாவது அவரைப் பார்க்காமல் இருக்க முடியாது. டீசல் லைனில் எங்கேயோ காற்று புகுந்துவிடுகிறது. அதனால்தான் ஓட்டத்திலேயே அணைந்துபோகிறது. இது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எங்கே புகுகிறது என்பது இருவருக்குமே தெரியவில்லை. குழாயை மாற்றினார், வாஷரை மாற்றினார், டாங்கியைக் கழற்றிக் கழுவினார்.

"டீச்சர், சத்தியமா எனக்கே தெரியல. அடுத்த வாரம் டீ குடிக்க வந்துருங்க" என்பார்.

காற்றை வெளியேற்ற மட்டும் எனக்குக் கற்றுக்கொடுத்தார். பானெட்டைத் திறந்து ஒரு சின்ன ஸ்க்ரூவைத் தளர்த்தி, பக்கத்தில் இருக்கும் கைப்பம்பை விரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும். நுரை நின்று வெறும் டீசல் வந்ததும் ஸ்க்ரூவை முடுக்கிவிடலாம். என் கைப்பையில் சீப்புக்கும் பேனாவுக்கும் நடுவே பத்தாம் நம்பர் ஸ்பேனர் இடம் பிடித்தது.

இத்தனை தொல்லையையும் எதற்குத் தாங்கினேன் என்றால், ஓடும்போது அது அப்படி ஓடியது. கதவில்லாத வண்டியில் திராட்சைப் பந்தல்களை ஒட்டிப் போகும்போது பழம் கையெட்டும் தூரத்தில் வரும். நெல் அறுக்கிற நாளில் வைக்கோல் வாசத்தோடுதான் வீடு போய்ச் சேருவேன். மழை பெய்து தோட்டத்துப் பாதை சேறாகக் கிடந்தால், மற்றவர்கள் வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டுச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடப்பார்கள். நான் பெரிய கியர் கம்பிக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டைக் கம்பியை இழுத்து நாலு சக்கரத்துக்கும் விசை கொடுத்து, மெதுவாக, யானை மாதிரி ஏறிப் போவேன். அந்த நேரத்தில் யார் என்னைப் பார்க்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் கவனிப்பதும் உண்டு.

என்னைவிட அந்த வண்டி மேல் பித்தாக இருந்தவள் என் கொழுந்தனாரின் மகள். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, "பெரிம்மா, ஒரு ரவுண்டு" என்று நிற்பாள். வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் இறக்கி அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். ஒரு மாதத்துக்குள் என்னைவிட நன்றாக ஓட்டினாள். கரையில் உட்கார்ந்திருந்த என் கணவர், "ஒண்ண வச்சே சமாளிக்க முடியல, இப்ப ரெண்டு" என்றார். அவர் சொன்னது ஜீப்பையா எங்களையா என்று நாங்கள் கேட்கவில்லை.

அவளுக்குக் கல்யாணம் ஆனியில் வந்தது. மாப்பிள்ளை வீடு கம்பம்மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்குள், ஏலத்தோட்டத்தின் நடுவே. தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். மாப்பிள்ளைக்கு வேலை பெங்களூரில். பைக் தவிர எதையும் ஓட்டியதில்லை என்று பெண் பார்க்க வந்த அன்றே சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பத்தில் தாலி கட்டி, சாப்பாடு முடிந்து, மத்தியானம் எல்லோரும் மலை ஏறினோம். பெண்ணும் மாப்பிள்ளையும் பூ அலங்காரம் செய்த வாடகைக் காரில் முன்னால் போனார்கள். சீர் சாமான்களான குத்துவிளக்கு, வாழைத்தார், முறுக்கு டின்கள், பித்தளைக் குடங்கள் இவற்றோடு நான் ஜீப்பில் பின்னால். பக்கத்தில் கணவர். நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் பெண் புகுந்த வீட்டில் கால் வைத்து விளக்கேற்ற வேண்டும்.

கீழே பள்ளத்தாக்கில் வெயில். வளைவுகள் ஏற ஏறச் சாரல் தொடங்கி, கம்பம்மெட்டைத் தாண்டியதும் நல்ல மழையாகி, பிறகு விட்டது. தார் ரோட்டிலிருந்து மாப்பிள்ளை வீட்டுக்குப் பிரிகிற மண்பாதை செங்குத்தான ஏற்றம். மழையில் அது கரைந்துபோய்க் கிடந்தது. பூ அலங்காரக் கார் ஏறப் பார்த்து, சக்கரம் சுற்றி, சேற்றைத் தன் கண்ணாடி மேலேயே அடித்துக்கொண்டு நின்றது. மாப்பிள்ளை வீட்டு ஜீப் வேறு சொந்தக்காரர்களை ஏற்றிவரப் போயிருந்தது.

பெண் கார்க் கண்ணாடியை இறக்கி எங்கள் பக்கம் திரும்பினாள். "பெரிம்மா ஜீப்புலயே போயிருவோம்."

"வேணாம் ஆத்தா, நல்ல நாளும் அதுவுமா" என்றார் என் கணவர். அவள் ஏற்கெனவே பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கியிருந்தாள்.

முன்சீட்டில் இருவரையும் உட்காரவைத்தேன். கணவர் பின்னால் வாழைத்தாரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். வாடகைக் கார் பின்வாங்கி வழிவிட, வண்டி அருமையாக ஏறியது. பாதி ஏற்றத்தில், வீட்டு ஓடு கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், ஒரு விக்கல் விக்கி அணைந்துபோனது.

கணவர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பானெட்டைத் திறந்தேன். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மாலையைக் கழற்றி மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தாள். மாப்பிள்ளை தன் மாலையையும் கழற்றி, இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, "நா என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"ஒண்ணும் செய்ய வேணாம். கெட்டியாப் புடிச்சுக்கங்க" என்றாள்.

நுரை வந்தது, பிறகு டீசல் வந்தது. நான் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு, "அடி" என்றேன். அவள் சாவியைத் திருப்பினாள். பாட்டரி ஒரு முனகல் முனகி அடங்கியது. மறுபடியும் திருப்பினாள். அதுவும் இல்லை.

ஏற்றத்தில் பாட்டரி போனால் பின்னோக்கி உருட்டி ரிவர்ஸ் கியரில் கிளட்சை விட வேண்டும். கண்மாய்க் கரையில் பலமுறை செய்ததுதான். ஆனால் இது ஒற்றையடிப் பாதை மாதிரி ஒடுங்கிய வழி, ஒரு பக்கம் ஏலச்செடிப் பள்ளம். சீர் சாமான் மறைத்ததில் பின்னால் எதுவும் தெரியாது. நான் சீட்டுக்கு வரப் போனேன்.

"நீங்க பின்னாடி நின்னு வழி சொல்லுங்க பெரிம்மா. நா விடுறேன்."

அவள் முகத்தைப் பார்த்தேன். நெற்றிச்சுட்டி கோணலாகத் தொங்கியது. கொஞ்சம்கூடப் பயம் இல்லை; கொள்ளைச் சந்தோஷமாக இருந்தாள். நான் பின்னால் போய் நின்றேன். கணவர் கல்லை எடுத்தார்.

வண்டி நழுவியது. "நேரா வா, நேரா வா, வலது பக்கம் லேசா" என்று கத்திக்கொண்டே நான் பின்னோக்கி நடந்தேன். சேற்றில் சக்கரம் வழுக்கி ஒருமுறை திரும்பியது. கல் பரவிய இடம் வந்ததும் கிளட்சை விட்டாள். ஒரு உலுக்கு. கரும்புகை. இன்ஜின் பிடித்துக்கொண்டது. கீழே ரோட்டில் நின்றிருந்த எங்கள் ஆட்கள் கைதட்டிய சத்தம் மலையில் எதிரொலித்தது.

இனி நிறுத்தி ஆள் மாறினால் மறுபடி அணைந்துவிடும். அது அவளுக்கும் தெரியும். அப்படியே முன் கியருக்கு மாற்றி எங்களை விட்டுவிட்டு ஏறிப் போய்விட்டாள். நானும் கணவரும் சேற்றில் பின்னாலேயே ஓடினோம்.

நாங்கள் மேலே போய்ச் சேர்ந்தபோது ஜீப் வீட்டு முற்றத்தின் நடுவே உறுமிக்கொண்டு நின்றது. மாப்பிள்ளையின் அம்மா ஆரத்தித் தட்டோடு நின்றுகொண்டிருந்தார்.

"வண்டிய அமத்தும்மா" என்று கத்தினார்.

"அமத்துனா கெளம்பாது அத்தை" என்று அவளும் கத்தினாள்.

"இனிமே எங்க கெளம்பிப் போகப் போற? ஒன் வீட்டுக்குத்தான வந்துட்ட."

அவள் ஒரு நொடி யோசித்தாள். பிறகு சிரித்துக்கொண்டே அணைத்தாள். முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். மாலையை இருவரும் போட்டுக்கொண்டார்கள். ஆரத்தி சுற்றி, வலதுகால் எடுத்து வைத்து, விளக்கை ஏற்றியபோது நாலரைக்கு இன்னும் நேரம் இருந்தது.

நான் டீசல் கையோடும் முழங்கால் வரை சேற்றோடும் உள்ளே போகக் கூச்சப்பட்டுத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் ஒதுங்கினேன். மாப்பிள்ளையின் அம்மா அங்கேயே காபியோடு வந்துவிட்டார்.

"மதினி, என் மகன் கார் ஓட்டப் பழக மாட்டேன்னுட்டு எத்தனை வருசமா அடம் புடிக்கிறான். இப்ப இவளாச்சு அவனாச்சு" என்றார். அவர் சிரிப்பதைப் பார்த்தபிறகுதான் நான் காபியைக் கையில் வாங்கினேன்.

ஜீப்பை அன்றைக்கு அங்கேயே விட்டுவிட்டு வந்தோம். மறுவீட்டுக்கு இருவரும் கம்பம் வந்தபோது அதில்தான் வந்தார்கள். அவள் ஓட்ட, அவர் மடியில் ஸ்பேனர். விருந்துக்கு உட்காரும் முன்பே மாப்பிள்ளை என்னிடம், "அத்தை, அந்த ஸ்க்ரூவ எந்தப் பக்கம் திருகணும்?" என்று கேட்டார்.

போன வருடம் ஒருநாள் குமுளிப் பக்கத்திலிருந்து ஒரு எஸ்டேட்காரர் ஜீப்பை விலைக்குக் கேட்டு வந்தார். மலையாளம் கலந்த தமிழில், "கொள்ளாம், நல்ல வண்டி" என்று தட்டித் தட்டிப் பார்த்தார். நான் பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தேன். என் கணவர் பேச ஆரம்பித்தார். காற்று புகுவது, பாட்டரி, ரேடியேட்டர் ஒழுகுவது, மூன்றாவது கியர் தானாக நழுவுவது, மழையில் வைப்பரைக் கையால் ஆட்ட வேண்டியிருப்பது என்று ஒன்று விடாமல் சொன்னார். எனக்கே தெரியாத இரண்டு குறைகளையும் சேர்த்துச் சொன்னார். வந்தவர் டீ குடித்துவிட்டுப் போய்விட்டார்.

"விக்கணும்னு நீங்கதான சொல்லிக்கிட்டு இருந்தீக?" என்றேன்.

"அவரு நல்ல மனுசனாத் தெரிஞ்சாரு. அவருகிட்டப் பொய் சொல்லச் சொல்றியா?" என்றார்.

வற்புறுத்திக் கேட்டதில் உண்மை வந்தது. நான் பஸ்ஸில் பள்ளிக்கூடம் போன நாட்களில் தோட்டத்துக்கு உரமூட்டை எடுக்க அவர் ஜீப்பை ஓட்டப் பழகியிருந்தார். எங்களிடம் சொல்ல வெட்கம். அந்த இரண்டு குறைகளும் அப்படித்தான் அவருக்குத் தெரிந்திருக்கின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை பண்ணைப்புரத்தில் ஒரு காதுகுத்துக்குக் கிளம்பினோம். அவர் ஓட்டினார். மலையடிவாரத்தில் தக்காளித் தோட்டம் ஒன்றின் அருகே வண்டி நின்றுபோனது. பழம் பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் ஸ்பேனரை எடுத்தேன்.

"நீ பட்டுச்சேலை கட்டியிருக்க. உக்காரு" என்று அவர் வாங்கிக்கொண்டு இறங்கினார். நான் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தேன்.

அந்தப் பெண்களில் ஒருத்தி முந்தானையில் துடைத்து ஒரு தக்காளியை என்னிடம் நீட்டினாள். புளிப்பும் இனிப்புமாக, வெயிலில் பழுத்த சூடு இன்னும் இருந்தது. பானெட்டுக்குப் பின்னாலிருந்து அவர், "நுரை நின்னுருச்சு, அடி" என்றார். நான் தக்காளியை வாயில் கடித்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன்.