கணினிக்குக் கொழுந்து பார்க்கக் கற்றுக்கொடுத்த கதை

ஆராய்ச்சி என்பது, எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்த ஒன்றை இரண்டு வருஷம் கழித்து யாருக்கும் புரியாதபடி சொல்லும் தொழில். உதவித்தொகையில் காலம் தள்ளி, "இன்னுமா முடியல?" என்ற கேள்வியை ஊரெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்ட சகபாவிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இலங்கையில் போர் முடிவதற்கு ஓரிரு வருஷங்களுக்கு முன் எனக்கு வாய்த்த வேலை இது. தேயிலைக் கொழுந்தின் படத்தைக் காட்டினால், அது நல்ல கொழுந்தா, கொப்புள நோய் வந்ததா என்று கணினி சொல்ல வேண்டும். வருஷ முடிவுக்குள் சொல்லவில்லையென்றால் உதவித்தொகை நின்றுவிடும். நான் மாத்தளையில் மாமாவின் இரும்புக் கடையில் ஆணி நிறுக்கப் போக வேண்டியதுதான். மாமா எனக்காக ஒரு முக்காலி வாங்கியே வைத்திருந்தார்.

வானத்தில் வேலை இல்லை

என் பேராசிரியர் வெளிநாட்டில் துடிவிண்மீன்களை ஆராய்ந்தவர். துடிவிண்மீன் என்றால், செத்த பிறகும் சுழன்றுகொண்டு, கடிகாரம் மாதிரி தவறாமல் ரேடியோத் துடிப்பு அனுப்பும் நட்சத்திரம். அந்தத் துடிப்பை இரைச்சலுக்குள்ளிருந்து பொறுக்கி எடுக்க அவர் ஒரு நிரல் எழுதியிருந்தார். ஊர் திரும்பிப் பார்த்தால் இங்கே அதற்கேற்ற தொலைநோக்கி இல்லை. நிரலை வீணாக்க மனமில்லாமல் அதைத் தேயிலைப் பக்கம் திருப்பிவிட்டார். நோய்ப்புள்ளியும் இலைக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சமிக்ஞைதான் என்பது அவர் கட்சி.

இதை அப்பாவிடம் விளக்கினேன். அப்பா, இரத்தோட்டைக்கு மேலே ரிவர்ஸ்டன் போகிற ரோட்டில், ஒரு தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிறவர். நட்சத்திரம் ஒரு துடிப்புகூடத் தவறவிடாது என்று நான் பெருமையாகச் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அது பாட்டுக்கு ஒழுங்காத்தானே வேல செய்யுது? கெட்டுப்போன சாமான் நாட்டுல எவ்வளவோ கெடக்கு, அதுகள ஆராயச் சொல்லு ஒங்க புரொபஸர."

செக்பொயின்டில் அறுநூறு இலை

தோட்டத்திலிருந்து திரும்பும் பஸ்ஸை ஒருநாள் செக்பொயின்டில் நிறுத்தினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், பையில் கேமரா, மடிக்கணினி, மூன்று கால் ஸ்டாண்ட். என்னை மட்டும் இறக்கிவிட்டார்கள். அந்த நாட்களில் இதைவிடச் சின்ன விஷயத்துக்குப் போனவர்கள் திரும்பி வர மாதக்கணக்கானது.

கேமராவில் என்ன என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டார். இலை என்றேன். நம்பாமல் ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார். இலை. அடுத்ததும் இலை. பஸ்ஸுக்குள்ளிருந்து நாற்பது பேர் என்னை முறைத்தார்கள். அறுநூறாவது இலையையும் பார்த்து முடித்தவர், கேமராவைத் திருப்பித் தந்து, என்னைத் தம்பி முறை வைத்து, உண்மையான வருத்தத்தோடு கேட்டார்: "இவ்வளவு படம் எடுத்திருக்கிறாய், ஒரு பெண்பிள்ளைகூட இல்லையே மல்லி?"

நிபுணர்

கணினிக்குப் பாடம் சொல்ல, முதலில் ஒவ்வொரு படத்துக்கும் "நல்லது", "நோய்" என்று யாராவது குறிக்க வேண்டும். ஆய்வேட்டில் அவரை நிபுணர் என்போம். என் நிபுணர் மாரியாயி அக்கா. அதே தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், அப்பாவுக்குப் பழக்கமானவர்.

தேத்தண்ணி நேரத்தில் அக்கா வரப்பில் உட்கார்ந்து, நோய்க்கொழுந்துகளை மடியில் போடுவார். பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்குதான் அந்த மடி. நான் அப்படியே படம் பிடிப்பேன். நல்ல கொழுந்தை ஸ்டோரில் அப்பா பொறுக்கி வைப்பார், அதை வெள்ளைத் தாளில் வைத்து எடுப்பேன். அக்கா ஒரு கொழுந்துக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை. கொப்புளம் வெளியே தெரியாத கொழுந்தைக்கூட ஒதுக்கினார். எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று நோட்டுப் புத்தகத்தோடு பவ்வியமாகக் கேட்டேன்.

"பாத்தாத் தெரியும் தம்பி. பாக்கத் தெரியாதவுங்களுக்குத்தானே மெஷினு!"

தொரை வந்த நாள்

என் கணினி நூறு படத்தில் இரண்டைத்தான் தவறவிட்டது. பேராசிரியர் பூரித்துப்போய், தோட்டத்து மேலாளரான தொரைக்கு நேரில் செய்து காட்டலாம் என்றார். மலையில் மேசை போட்டோம். வெள்ளைத் தாளை விரித்தேன். ரிவர்ஸ்டன் காற்று அதைத் தூக்கிக்கொண்டு போனது. இன்னொன்று விரித்தேன், அதுவும் போனது. பரிதாபப்பட்ட மாரியாயி அக்கா தன் படங்கை அவிழ்த்து மேசையில் விரித்தார்.

தொரை தன் கையால் பறித்த முதல் கொழுந்தை அதில் வைத்தார். கணினி "நோய்" என்றது. இரண்டாவதும் நோய். பத்தும் நோய். தொரையின் முகம் வெளுத்துவிட்டது. மலை முழுக்க மருந்தடிக்க ஆளைக் கூப்பிடச் சொல்லிவிட்டார். பேராசிரியர் என்னைப் பார்க்க, நான் தரையைப் பார்த்தேன். அக்கா மட்டும் கொழுந்தைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வெறும் படங்கைப் படமெடுக்கச் சொன்னார். எடுத்தேன். "நோய்" என்றது கணினி.

அக்கா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். முடியவில்லை.

"தொர, மருந்து வேணாங்க. இதுக்குக் கொழுந்தே தெரியல. என் படங்கப் பாத்துத்தான் சீக்குன்னு சொல்லுது!"

ஒரு கட்டம்

திரும்பும் வழியில் பேராசிரியர் வேனில் பழைய படங்களை மறுபடி தள்ளிப் பார்த்தார்: நோய்க்கொழுந்தெல்லாம் படங்கில், நல்லதெல்லாம் வெள்ளைத் தாளில்; கணினி கற்றது இலையை அல்ல, விரிப்பை. பிறகு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். இளவயதில் தான் ஒரு புது நட்சத்திரத்தை மூன்று மாதம் துரத்தியதாகவும், கடைசியில் அது பக்கத்து அறையில் ஓடிய மின்காற்றாடி என்று தெரிந்ததாகவும். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

உதவித்தொகையை இன்னொரு வருஷம் நீட்டக் கேட்கும் படிவம் மடியில் இருந்தது. நூற்றுக்கு எத்தனை சரி என்று எழுத அதில் ஒரு கட்டம். தொண்ணூற்றெட்டு என்று எழுதினால் போதும், கேள்வி கேட்க ஆளில்லை. மலையில் நடந்தது உதவித்தொகைக் குழுவுக்கு எப்படித் தெரியப்போகிறது? எழுதவும் செய்தேன். அந்த இரவு மாமாவின் முக்காலி கண்ணில் வரவில்லை, வெறும் படங்குதான் வந்தது. காலையில் அந்தத் தொண்ணூற்றெட்டை வெட்டிவிட்டு, தவறை முழுக்கப் பின்பக்கம் எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். பேராசிரியர் இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுச் சொன்னார்: "நான் காற்றாடியைப் பற்றி யாருக்கும் எழுதவில்லை."

அக்காவின் தீர்ப்பு

குழு ஒரு வருஷத்துக்குப் பதில் ஆறு மாதம் தந்தது. எல்லாப் படத்தையும் முதலிலிருந்து எடுக்க வேண்டும். நல்லதையும் நோயையும் ஒரே தாளில், ஒரே படங்கில், ஒரே வெயிலில். தோட்டத்தில் கொழுந்து நிறை குறைந்தால், நாள் முழுக்க மலையில் நின்றவருக்கும் அரை நாள் சம்பளம்தான் போடுவார்கள். அதற்கு அரைப் பேர் என்று பெயர். என் ஆறு மாதக் கதையைக் கேட்டதும் மாரியாயி அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்து நிரைக்கும் கேட்கும்படி சொன்னார்: "உள்ளதச் சொன்னதுக்கு அரப் பேரா? வாங்க தம்பி, இப்பத்தான் நீங்க செய்றது வேல!"

கடைசியில் என் கணினி, தாளில் வைத்தாலும் படங்கில் வைத்தாலும், நூறு கொழுந்தில் எழுபதைச் சரியாகச் சொன்னது. மிச்சம் முப்பதையும் சொன்னது மாரியாயி அக்கா, பட்டம் வாங்கியது நான்.