நம்பர் போட்ட மரங்கள்

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. பல்லி விழுந்தால் ஊரைக் கூட்டுகிறவள். இப்படிப்பட்டவளுக்குத்தான் காட்டைப் பற்றி ஆராய்ச்சி செய்யப் பணம் கிடைத்தது. இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில், காட்டை அழிக்காமல் பயன்படுத்தும் வழியைப் படிக்கிற பெண்களுக்கென்றே ஒரு நிதி இருந்தது. விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்குப் பிசிறு துடைக்கும் வேலை பார்த்த அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை.

"பொம்பளைக்குன்னு பணம் குடுத்துக் காட்டுக்கு அனுப்புறானா? எவன்டி அவன், கிறுக்குப் புடிச்சவன்?"

முதல் வருடம் முடிந்ததும் அந்த நிதியிலிருந்து ஒருவர் நேரில் வந்து பார்ப்பார். அவருக்குத் திருப்தியென்றால்தான் அடுத்த வருடத்துப் பணம். பணம் நின்றால் என் படிப்பு நிற்கும். வீட்டில் வேறு வழியில்லை. இது போதாதென்று என் பேராசிரியர், "நீ சொதப்பினா, உனக்குப் பின்னாடி வர்ற பொண்ணுங்களுக்கும் கெடைக்காது" என்று சொல்லி வைத்தார். நல்லா சொன்னார் போங்க. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

திட்டக்குடிக்கு அப்பால், ஓர் ஏரிக்கு மேலண்டையில் இருந்த காட்டை எடுத்துக்கொண்டேன். பக்கத்து ஊர்ப் பெண்கள் அங்கே விறகு ஒடிப்பார்கள். ஒரு மரத்தில் எவ்வளவு ஒடித்தால் அது மறுபடி தழைக்கும், எவ்வளவு ஒடித்தால் பட்டுப்போகும் என்பதுதான் என் கேள்வி. அதற்கு அதே மரங்களைத் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். ஆகவே மரத்துக்கு மரம் நம்பர் வேண்டும். தகரத்தில் வெட்டிக் கட்டினால் பழைய இரும்புக்குப் போய்விடும் என்று அம்மாதான் ஒரு யோசனை சொன்னாள். பட்டறையில் மிஞ்சிய களிமண்ணில் வில்லை தட்டி, நம்பர் கீறி, சூளையில் சுட்டு, சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்தாள். வெள்ளை வெளேரென்று இருந்தன. கயிறு கோத்து மரங்களில் கட்டினேன்.

விறகுக்கு வரும் ஓர் அக்கா என்னோடு ஒட்டிக்கொண்டாள். பாம்புப் பயத்தில் அவள் முந்தானையைப் பிடிக்காத குறையாக நடப்பேன்.

"ஏம் பாப்பா, காத்தடிச்சாலே ஒதறுற. ஒனக்குப் போயி இந்த வேலய குடுத்தாங்களே" என்று சிரிப்பாள்.

நிதியிலிருந்து ஆள் பார்க்க வருவதற்கு முதல் நாள், எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி ஏரிக்கரையில் ஏறும்போதே கோடாலிச் சத்தம். ஒன்றல்ல, பல. ஓடினேன். உசில மரம் ஒன்று சாய்ந்து கிடந்தது. அதில் என் வில்லை தொங்கியது. பக்கத்தில் இன்னொரு மரம், அதிலும் வில்லை. நம்பர் இல்லாத மரங்களை யாரும் தொடவில்லை.

ஆட்கள் கோடாலியோடு என்னைச் சுற்றி நின்றார்கள்.

"நம்பரு கட்டுனது நீதான? நாளைக்குப் பாக்க ஆளு வருதாமே? மரத்துல நம்பரு போட்டா ஏலம் விடப் போறான்னு எங்களுக்குத் தெரியாதா? ரோட்டோரப் புளிய மரமெல்லாம் அப்பிடித்தான போச்சு. எவனோ ஏலம் எடுத்து லாரில ஏத்துறதுக்குள்ள எங்க வூட்டு அடுப்புக்காவது ஆவட்டும்."

"ஏலமெல்லாம் இல்லீங்க. என் படிப்புக்குங்க" என்றேன்.

"படிப்புக்கு எவளாவது மரத்துக்கு நம்பரு போடுவாளா? யாருகிட்ட கத வுடுற?"

ஒருவன் அடுத்த மரத்துக்குப் போய்க் கோடாலியை ஓங்கினான். வில்லைகள் தொங்கும்வரை அந்த மரங்களில் ஒன்றும் மிஞ்சாது. கழற்றினாலோ எது எந்த மரமென்று எனக்கே தெரியாது; ஒரு வருடம் எடுத்த அளவெல்லாம் குப்பை. நாளை வருகிறவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது. நின்று யோசிக்க எனக்குத் தைரியம் போதவில்லை. ஓடிப்போய் அந்த வில்லையைப் பிடுங்கினேன். பிறகு அடுத்தது. விறகுக்கு வந்திருந்த அக்கா தன் அரிவாளால் கயிறுகளை அறுத்துக்கொண்டே என்னோடு வந்தாள். பை நிறைவதற்குள் கோடாலிச் சத்தம் ஓய்ந்துவிட்டது. நான் கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

"நம்பர ஏன் அவுத்தன்னு மேல எடத்துலேருந்து கேக்க வருவாங்கன்னு பயப்படுறியா? வரட்டும், நாங்க பாத்துக்குறோம்" என்றாள் அக்கா.

மறுநாள் ஜீப் வந்தது. இறங்கியவர் தலை நரைத்த ஓர் அம்மாள். விறகுக்கு வந்திருந்த பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். அவர்களுக்கு, ஜீப்பில் வந்தால் ஏலம் விடுகிற அதிகாரிதான். நான் பேச வாயெடுத்தேன். அந்த அம்மாள் என்னைக் கையமர்த்திவிட்டு அவர்களிடம் போனார்.

"இந்தப் பொண்ணு இங்க அடிக்கடி வருவாங்களா? மரத்துக்கெல்லாம் நம்பர் கட்டினாங்களா?"

"நம்பரா? அப்பிடி எதுவும் இல்லீங்களே" என்றாள் ஒருத்தி.

"இந்தப் பொண்ண நாங்க பாத்ததே இல்லீங்க" என்றாள் அக்கா, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அடிப்பாவிகளா! என்னைக் காப்பாற்றுகிறார்களாம். ஒரு வருடமாக நான் இந்தப் பக்கமே வரவில்லை என்று ஆகிவிட்டது. அந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். வில்லைகள் கலகலவென்று தரையில் கொட்டின.

அவர் குனிந்து ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இதையெல்லாம் யார் கழட்டினது?"

நான் பதில் சொல்வதற்குள் அக்கா முன்னால் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தாங்க அவுத்தேன். இது சின்னப் பொண்ணுங்க, ஒண்ணும் தெரியாது. கேசு போடுறதுன்னா எம்மேல போடுங்க."

அடுத்த வருடத்துப் பணம் வந்தது. நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, அதையும் ஆராய்ச்சியில் எழுதச் சொன்னார் அந்த அம்மாள். நம்பருக்குப் பதிலாக மீன், பூ, கிளி என்று புது வில்லைகளில் அம்மா கீறித் தந்தாள். அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த நேரத்தில் இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. என்னைப் பிடித்திருந்த அக்காவின் கை, என் கையைவிட அதிகமாக உதறிக்கொண்டிருந்தது.